சூழல் மறக்காத கணங்கள்

2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை தேசிய குவாண்டம் இயக்கத்திற்கு ரூ.6,003.65 கோடி அளிக்க ஒப்புதல் தந்தது. எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 கியூபிட்டுகள் கொண்ட கணினிகளை உருவாக்குவது அதன் இலக்குகளுள் ஒன்றாகும். எண்ணிக்கை கோப்புகளில் எளிதாக இடம்பெறும். ஆனால் அக்கியூபிட்டுகள் தம் சூழலோடு எவ்வாறு உறவாடுகின்றன என்பதே பொறியியலின் தலையாய சிக்கல்.

எந்தக் கியூபிட்டும் தனித்திருப்பதில்லை. சுற்றியுள்ள பொருளோடும் மின்காந்தப் புலத்தோடும் ஆற்றலையும் தகவலையும் பரிமாறிக்கொள்கிறது. இத்தகையவற்றைத் 'திறந்த அமைப்புகள்' என்பர். இவற்றுக்கான அடிப்படைச் சமன்பாட்டை 1976இல் லிண்ட்பிளாட் ஒருபுறமும், கோரினி, கோசகோவ்ஸ்கி, கோட்டயத்தில் பிறந்த சுதர்சன் ஆகியோர் மறுபுறமும் வகுத்தனர். சூழல் தான் பெற்றதை உடனே மறந்துவிடும் என்னும் எடுகோள் அதனைப் பயன்படுத்துவோருக்கு வழக்கமான துணை. வெட்டவெளியில் கூவினால் குரல் திரும்புவதில்லை அல்லவா? கிணற்றுக்குள் கூவினால் திரும்பும். மீக்கடத்திச் சில்லின் ஆக்சைடு படலத்திலுள்ள சிறு குறைபாடு ஒன்று கியூபிட்டின் ஆற்றலை வாங்கிச் சற்று நேரத்தில் திருப்பித் தருவதுண்டு. இதுவே நினைவு விளைவு.

இதனைக் கணக்கில் கொண்டுவர இரு வழிகளைக் குறிப்பிடலாம். நகாஜிமா (1958), சுவான்சிக் (1960) ஆகியோரின் சமன்பாடு, கடந்த ஒவ்வொரு கணத்துக்கும் உரிய எடையிட்டுக் கூட்டுகிறது. அது துல்லியமானது, ஆயினும் அந்த எடையைக் கண்டறிவது மூலச் சிக்கலைத் தீர்ப்பதைப் போன்றே கடினம். மற்றது, எல்லையை விரித்து, அக்குறைபாட்டையும் அமைப்பின் உறுப்பாகக் கொள்வது. எஞ்சிய சூழல் மறதியுடையதாக அமைந்தால் பழைய சமன்பாடே போதும். பொருளியல் பயின்றோருக்கு இது புதிதன்று: சென்ற ஆண்டின் விலையைக் கண்டு இவ்வாண்டு பயிரிடும் உழவரின் நடத்தையை விளக்க, பழைய விலையையும் இன்றைய நிலையின் ஒரு மாறியாகச் சேர்த்துக்கொள்கிறோம்.

நினைவு உண்டா என்பதை அறியும் சோதனையும் உண்டு. வெவ்வேறு இரு தொடக்க நிலைகளுக்கு இடையேயான வேறுபாடு, மறதியுள்ள சூழலில் ஒருபோதும் கூடாது. இடையில் கூடுமாயின், தகவல் திரும்பி வந்துள்ளது. பிராயர், லெய்னே, பீலோ ஆகியோர் 2009இல் முன்வைத்த அளவுகோல் இது.

பிழைதிருத்த முறைகளின் எளிய கணக்குகள், பிழைகள் ஒன்றையொன்று சாராமல் நிகழும் என்று கொள்கின்றன. நினைவு இருப்பின் அவை தொடர்ச்சியாகவும் வரக்கூடும். எனினும் நினைவு முழுத் தீங்கன்று. சூழலின் இரைச்சல் மெதுவாக மாறுமாயின், தக்க தருணத்தில் ஒரு துடிப்பைச் செலுத்தி, கட்டத்தில் நேர்ந்த பிசகைப் பெரும்பாலும் மீட்கலாம். 1950இல் ஹான் கண்ட 'எதிரொலி' உத்தி இதுவே. முற்றும் மறந்துவிடும் சூழலில் இவ்வுத்தி பயன் தராது. ஆகவே ஆய்வுத் திட்டங்களை மதிப்பிடும் அலுவலர், கியூபிட்டின் நிலைப்புக் காலத்தை மட்டுமன்றி, எதிரொலித் துடிப்போடும் அஃது இல்லாமலும் அளந்த இரு மதிப்புகளையும் கேட்டுப் பெறுவது நலம்.