ஒற்றைச் சிறுநீரகம் போதுமா?

என் மகனுக்கு மூன்று வயதில் வில்ம்ஸ் புற்றுக்கட்டிக்காக ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது எட்டு வயது. மீதமுள்ள ஒன்று தாங்குமா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

தாங்கும் அம்மா. மிஞ்சிய சிறுநீரகம் சற்றே பெருத்து, இரண்டு ஆள் வேலையை ஒரே ஆளாகப் பார்த்துக்கொள்ளும். ஆண்டுக்கொரு முறை ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் மூன்றையும் பாருங்கள். அழுத்தம் ஏறுவதும் புரதம் கசிவதும் வலிக்காது, சோதனையில்தான் பிடிபடும். காய்ச்சலுக்கு அளவறிந்து பாராசிட்டமால் கொடுங்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். வாந்தி, பேதி கண்டால் உடனே ஓ.ஆர்.எஸ். கரைசல் புகட்டுங்கள். எந்த மருத்துவரைப் பார்த்தாலும், “இவனுக்கு ஒரு சிறுநீரகம்தான்” என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். மற்றபடி, பையன் நன்றாக ஓடியாடி விளையாடட்டும், தடுக்காதீர்கள்.