பெண் உடலமைப்பு வகைப்பாடுகள்: முக்கியக் குறிப்புகள்

அடிப்படை
- மானுட உடலளவியல்: மனித உடலின் அளவு, விகிதம், வடிவம் பற்றிய துறை
- வகைப்பாடு பயன்படும் துறைகள்: மானுடவியல், உளவியல், ஆடை வடிவமைப்பு, பொதுச் சுகாதாரம்

தமிழ், வடமொழி மரபு
- நால்வகைப் பெண்கள்: பத்மினி, சித்தினி, சங்கினி, அத்தினி
- வடமொழி நூல்: கொக்கோகரின் ரதிரகசியம்
- தமிழ் நூல்: கொக்கோகம், ஆசிரியர் எனக் கூறப்படுபவர் அதிவீரராம பாண்டியர்

தென்னிந்திய உடலளவு, குடி ஆய்வுகள்: பாலக்காடு, இடுக்கி தொடர்பு
- எட்கர் தர்ஸ்டன்: சென்னை அரசு அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் (1885–1908), தென்னிந்தியக் குலங்களும் குடிகளும், 7 தொகுதிகள், 1909, உடலளவுகள் இடம்பெற்ற நூல்
- அவ்வளவுகளில் ஒன்றான மூக்குக் குறியெண் = மூக்கின் அகலம் ÷ நீளம் × 100
- எல்.கே.அனந்தகிருஷ்ண ஐயர் (1861–1937): பாலக்காட்டில் பிறந்தவர், கொச்சியின் குடிகள், சாதிகள் பற்றிய நூல், 2 தொகுதிகள் (1909, 1912)
- மகன் எல்.ஏ.கிருஷ்ண ஐயர்: திருவிதாங்கூர் குடிகள், சாதிகள் பற்றிய நூல், 3 தொகுதிகள் (1937–41)
- அன்றைய ஆட்சி: பாலக்காட்டின் சித்தூர் – கொச்சி, அட்டப்பாடி – மலபார்; இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு – திருவிதாங்கூர்
- பழங்குடிகள்: அட்டப்பாடி – இருளர், முடுகர், குறும்பர், பரம்பிக்குளம் – காடர், இடுக்கி – முதுவர், மன்னான்

உளவியல் வகைப்பாடு
- கிரெச்மர், 1921: பிக்னிக் (தடித்த உடல்), அத்லெட்டிக் (தசை உடல்), அஸ்தெனிக் (மெலிந்த உடல்)
- ஷெல்டன், 1940: எண்டோமார்ப் (பருத்த உடல்), மீசோமார்ப் (தசை உடல்), எக்டோமார்ப் (மெலிந்த உடல்), ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பு
- ஷெல்டனின் மாதிரி: சுமார் 4,000 கல்லூரி மாணவர்கள், அனைவரும் ஆண்கள். எனவே இவ்வகைப்பாட்டைப் பெண்களுக்கு அப்படியே பொருத்த இயலாது

ஆடை வடிவமைப்பு
- அமெரிக்காவின் முதல் பெரிய பெண் உடலளவு ஆய்வு: ஓபிரையன், ஷெல்ட்டன் (மேற்கண்ட ஷெல்டன் அல்லர்), 1939–40, வெளியீடு 1941, சுமார் 15,000 பெண்கள்
- எஃப்.எஃப்.ஐ.டி. (பெண் உருவ வடிவத்தை இனங்காணும்) முறை, 2004: சிம்மன்ஸ், இஸ்டுக், தேவராஜன்
- 9 வடிவங்கள்: மணற்கடிகை, மேல் மணற்கடிகை, கீழ் மணற்கடிகை, கரண்டி, முக்கோணம், தலைகீழ் முக்கோணம், செவ்வகம், வைரம், நீள்வட்டம்
- செவ்வகம்: மார்பு–இடுப்பு வித்தியாசம் 3.6 அங்குலத்துக்குக் கீழ். மார்பு–இடை 9, இடுப்பு–இடை 10 அங்குலத்துக்குக் கீழ்
- இந்தியாசைஸ்: தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டின் தேசிய அளவீட்டுத் திட்டம், 2018 அறிவிப்பு, 15–65 வயது, இலக்கு 25,000 பேர், முப்பரிமாண ஸ்கேனர்
- அறிவிக்கப்பட்ட 6 நகரங்கள்: கொல்கத்தா, மும்பை, புதுதில்லி, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங். அந்த அறிவிப்பில் கேரள, தமிழ்நாட்டு நகரம் எதுவும் இல்லை

மருத்துவ வகைப்பாடு
- ஜான் வாக், மார்செய், 1947: ஆண்ட்ராய்டு (வயிற்றுக் கொழுப்பு, ஆப்பிள் வடிவம்), கைனாய்டு (இடுப்பு, தொடைக் கொழுப்பு, பேரிக்காய் வடிவம்)
- நீரிழிவு, இதய நோய் அபாயம் மிகுந்தது: ஆப்பிள் வடிவம்
- இடை–இடுப்பு விகிதம் = இடைச் சுற்றளவு ÷ இடுப்புச் சுற்றளவு
- அபாய எல்லை: பெண் 0.85, ஆண் 0.90
- இடை அளக்கும் இடம்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேல் விளிம்புக்கும் நடுவே. இடுப்பு: பிட்டத்தின் மிக அகன்ற பகுதி
- எடுத்துக்காட்டு: 76 ÷ 95 = 0.80, எல்லைக்குள்; 84 ÷ 96 = 0.875, அபாயம்
- தெற்காசியப் பெண்ணின் இடைச் சுற்றளவு எல்லை: 80 செ.மீ.
- பிஎம்ஐ (உடல் நிறைக் குறியெண்): குவெட்லெட் வகுத்தது; 1972-இல் பெயரிட்டவர் ஆன்செல் கீஸ்; கொழுப்பு சேரும் இடத்தைக் காட்டாது

தேசியக் குடும்பநல ஆய்வு-5 (2019–21)
- இடை, இடுப்புச் சுற்றளவு அளக்கப்பட்ட முதல் சுற்று
- பிஎம்ஐ 25-உம் அதற்கு மேலும், பெண்கள்: கேரளம் 38.1%, இந்தியா 24.0%
- பிஎம்ஐ 18.5-க்குக் கீழ், பெண்கள்: கேரளம் 10.1%, இந்தியா 18.7%

முடிவு
- மணற்கடிகை, கரண்டி, செவ்வகம்: துணி வெட்டுக்கான பெயர்கள் மட்டுமே, அழகுக்கோ நோய்க்கோ அளவுகோல் அல்ல
- தெற்காசியப் பெண்ணின் நோய் அபாயத்துக்கு நினைவில் நிற்க வேண்டிய எண்கள்: 0.85 (இடை–இடுப்பு விகிதம்), 80 செ.மீ. (இடைச் சுற்றளவு)