போதைப் பொருள் ஒழிப்பில் உலக நாடுகளும் ஊர்ப் பஞ்சாயத்தும்

ஓர் ஊரில் ஓர் இளைஞன் போதைப் பொருளுக்கு அடிமையாகிவிட்டால், அஃது அவ்வீட்டாரின் தலைவிதி என்று எண்ணி அண்டை அயலார் ஒதுங்கிக்கொள்கின்றனர். ஆனால் அவன் கைக்கு வந்து சேரும் பொருள் பல எல்லைகளைக் கடந்து வந்திருக்கக்கூடும். ஆதலின் அதைத் தடுக்கும் பணியும் எல்லை கடந்ததாக இருத்தல் வேண்டும். அப்பணியில் உலக நாடுகள் செய்திருப்பது யாது, பஞ்சாயத்து அங்கத்தினரும் குடியானவரும் செய்யவேண்டுவது யாது என்பதை இங்கே காண்போம்.

எல்லையும் உடன்படிக்கையும்

எல்லையினால் வரும் தொல்லை புதுச்சேரிப் பகுதி மக்களுக்குப் புதியதன்று. 1954-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்திய சர்க்காரிடம் வரும்வரை, ஒரு கிராமம் பிரெஞ்சு ஆட்சியிலும் அடுத்த கிராமம் வேறு ஆட்சியிலுமாக இருந்தன. ஒரு பக்கத்துச் சட்டம் மறு பக்கத்தில் செல்லாது. இன்று நாடுகளுக்கிடையே கடத்தல்காரர் தேடும் வசதியும் இதுவேயாகும்.

முற்காலத்தில் அபினியைப் பற்றிய உடன்படிக்கைகள் வாணிகத்திற்காகவே செய்யப்பட்டன. 1815-ஆம் ஆண்டு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பிரெஞ்சிந்திய உப்பை வாங்கும் உரிமை கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்றது. பிரெஞ்சு சர்க்காருக்கு ஆண்டுதோறும் 4 லட்சம் சிக்கா ரூபாயும், கல்கத்தா ஏலத்தின் சராசரி விலையில் 300 பெட்டி அபினி பெறும் உரிமையும் கிடைத்தன.

இந்நிலை மாற ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1909-இல் ஷாங்காய் நகரில் 13 நாடுகள் கூடி அபினியின் தீமையை ஆராய்ந்தன. 1912-இல் ஹேக் நகரில் முதல் சர்வதேச அபினி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பின்னர் ஐக்கிய நாடுகள் சபையின் முயற்சியால் மூன்று ஒப்பந்தங்கள் ஏற்பட்டன. 1961-ஆம் ஆண்டு ஒப்பந்தம் அபினி, கஞ்சா, கோக்கா ஆகியவற்றைப் பற்றியது. 1971-ஆம் ஆண்டு ஒப்பந்தம் மனநிலையை மாற்றும் மருந்துகளைப் பற்றியது. 1988-ஆம் ஆண்டு ஒப்பந்தம் கள்ளக் கடத்தலைப் பற்றியது. குற்றவாளியை ஒரு நாடு மற்றொரு நாட்டிடம் ஒப்படைத்தலும், கடத்தலில் சேர்த்த சொத்தைப் பறிமுதல் செய்தலும் இதன் பயன்களாம்.

கணக்கே காவல்

தட்டாஞ்சாவடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு விளைபொருள் கொண்டுசெல்லும் குடியானவர், எடையும் கணக்கும் எவ்வளவு முக்கியமானவை என்பதை அறிவார். உலக ஒப்பந்தமும் அத்தகையதொரு கணக்கின் மேல் நிற்பதேயாகும். மருத்துவத்திற்குத் தனக்கு எவ்வளவு தேவை என்று ஒவ்வொரு நாடும் ஆண்டுதோறும் மதிப்பிட்டு, வியன்னாவிலுள்ள 13 அங்கத்தினர் கொண்ட சர்வதேசப் போதைப் பொருள் கட்டுப்பாட்டு வாரியத்திற்குத் தெரிவிக்கிறது. இறக்குமதிக்கும் ஏற்றுமதிக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். கணக்கில் குறையும் சரக்கு கள்ளச் சந்தைக்குப் போயிற்று என்று ஐயுற இடமுண்டு.

அபினியை அடியோடு அழித்துவிடலாகாதா என்று சிலர் கேட்பதுண்டு. புற்றுநோயாளரின் கடும் வலியைத் தணிக்கும் மார்பின் என்னும் மருந்து அதிலிருந்தே கிடைக்கிறது. ஆகவே மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உரிமம் பெற்ற உழவர் மட்டும் அதைப் பயிரிட்டு, சர்க்காருக்கே விற்கின்றனர். நீமச், காஜிப்பூர் ஆகிய ஊர்களில் அதற்கென அரசாங்கத் தொழிற்சாலைகள் உள்ளன.

இரசாயனங்களுக்கும் இத்தகைய காவல் உண்டு. பல தொழில்களுக்குப் பயன்படும் அசிட்டிக் அன்ஹைட்ரைடு என்னும் திரவமே ஹெராயின் தயாரிக்கவும் உதவுகிறது. இத்தகைய பொருள்களைக் கையாளும் தொழிற்சாலைகள் முறையாகக் கணக்கு வைத்தல் வேண்டும்.

பஞ்சாயத்தின் கடமை

1985-ஆம் ஆண்டு நம் நாட்டில் போதைப் பொருள் தடுப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. தம் நிலத்தில் கஞ்சா முதலியவை சட்ட விரோதமாகப் பயிராவதை அறிந்த நிலவுடைமையாளர் உடனே தெரிவிக்கவேண்டும் என்று அதன் 46-ஆவது பிரிவு கூறுகிறது. இதே கடமையைப் பஞ்சாயத்தார்க்கும் கிராம அதிகாரிகளுக்கும் 47-ஆவது பிரிவு விதிக்கிறது. தெரிந்தும் வாளாவிருப்பது தண்டனைக்குரியது. கஞ்சா பயிரிடுவோர்க்குப் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தூரத்து நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் அவ்வப்போது சென்று பார்த்துவருதல் நலம்.

காட்டிக்கொடுப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை, காப்பாற்றுவதும் கடமையே. மகன் சிறை செல்வானோ என்று அஞ்சி, பெற்றோர் அவன் நிலையை மறைக்கின்றனர், நோய் முற்றுகிறது. அவர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. போதைப் பொருளை உட்கொண்டதற்காகவோ, சிறிய அளவில் வைத்திருந்ததற்காகவோ குற்றஞ்சாட்டப்பட்ட அடிமை நோயாளி, சர்க்கார் அல்லது உள்ளாட்சி அமைப்பு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் தாமாகவே முன்வந்து சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்குப் பெற 64-ஏ பிரிவு வழி செய்கிறது. சிகிச்சையை முழுமையாக முடித்தல் வேண்டும். இடையில் நிறுத்தினால் விலக்கு நீங்கக்கூடும்.

ஆகவே பஞ்சாயத்தார் பின்வருவனவற்றைச் செய்யலாம்:

1. சிகிச்சை ஆலோசனைக்கு 14446, கடத்தலைத் தெரிவிக்க 1933 ஆகிய கட்டணமில்லாத் தொலைபேசி எண்களைப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் பள்ளியிலும் எழுதிவைத்தல்.

2. 1987-இல் ஐக்கிய நாடுகள் சபை தீர்மானித்தபடி, ஜூன் 26-ஆம் நாளைப் போதைப் பொருள் எதிர்ப்பு நாளாகக் கொண்டாடி, மேற்கூறிய சட்ட விதிகளை மக்களுக்கு விளக்குதல்.

3. சிகிச்சை பெற்றுத் திரும்பியவரைப் பழைய பெயர் சொல்லி இகழாது, வேலையும் நட்பும் தந்து ஆதரித்தல்.

வியன்னாவில் வைக்கப்படும் கணக்கு, நம் ஊர்த் தோப்பில் மறைவாக வளரும் செடியைக் காணாது. அதைக் காணக்கூடியவர் அவ்வூராரே. அவர்கள் கண் திறந்திருந்தால்தான் உலக நாடுகள் செய்த ஒப்பந்தம் நம் வாயிற்படி வரை வந்து பயன் தரும்.