ஆளில்லாக் காசி

ஓர் ஓவியத்தின்முன் நின்றவுடன், "இது யாது?" என வினவுதல் மக்கள் இயல்பு. மலை என்றோ மரம் என்றோ விடை கிடைப்பின் மனம் அமையும். கிடையாவிடின் ஓவியனைப் பழிக்கும். உருவங்களை உள்ளவாறு காட்டாத அருவ ஓவியங்கள் இப்பழியை மிகுதியும் சுமப்பன. மாணவர்காள்! அவற்றையும் படித்தறிய வழி உண்டு. இராம்குமார் எழுதிய காசி ஓவியங்களைக் கொண்டு அதனைக் காண்போம்.

1924-ஆம் ஆண்டில் சிம்லாவில் பிறந்த இவர், பாரிசு நகரிலும் ஓவியம் பயின்றவர். தொடக்கத்தில் நகரத்து எளிய மாந்தரின் வாடிய முகங்களையே எழுதினார். 1960-ஆம் ஆண்டில் ஓவியர் எம். எஃப். உசேனுடன் காசிக்குச் சென்றார். அதன்பின் அவர் படங்களினின்று மனிதர் மறைந்தனர். வியப்பன்றோ! படித்துறைதோறும் மக்கள் மொய்க்கும் ஊரைக் கண்டு மீண்டவர், ஆளில்லாத ஊரை எழுதினார்.

நிறத்தை முதலில் நோக்குக. சாம்பலும் மண்ணிறமும் கருமையுமே மிகுதி. பூமாலைச் சிவப்பையும் கோபுரப் பொன்னையும் தேடுவார் ஏமாறுவர். சாம்பல் நிறம் கங்கையின் பனிக்காலை நீருக்கும் உரியது, சுடலைக்கும் உரியது. இன்னதற்கே உரியது என வரையறுக்க இயலாமையே அதன் வலிமை.

அடுத்தது வடிவம். கோணிய கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் நெருக்குண்டு நிற்கின்றன. கூர்ந்து நோக்கின், ஆற்றின் மேல்கரையில் அடுக்கிய பழைய வீடுகள் அவை என்பது புலப்படும். அருகே வெறும் பரப்பொன்று கிடக்கும். அதனை நீர் எனலாம். காசிக்கு எதிர்க்கரை மணல்வெளியாதலின், மணல் எனினும் பொருந்தும். நெருக்கமும் வெறுமையும் தொடும் அவ்வெல்லையிலேதான் கண் தங்குகிறது.

இனி, உணர்ச்சி. தொல்காப்பியர் பாடற்பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்து வாழும் மக்களும் மாவும் புள்ளும் பிறவும் கரு. உள்ளத்து ஒழுக்கம் உரி. மூன்றனுள் உரியே தலைசிறந்தது. இராம்குமார் கருப்பொருளுள் மக்களை நீக்கினார். பிறவற்றையும் நாளடைவில் சுருக்கினார். நிலம் நின்றது, நெய்தலுக்குரிய இரங்கல் போன்றதோர் உணர்வும் நின்றது. முகம் ஒன்று இருந்திருப்பின், அத்துயர் அம்முகத்தார்க்கே உரியதாகியிருக்கும். முகமின்மையால் அது காண்பார்மேல் வந்து சேர்கிறது.

இதனைத் துயரன்று, பற்றற்ற அமைதி என்பாரும் உளர். யான் அதற்கு இசையேன். ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நெருங்கும் அவ்வீடுகளைச் சற்று நேரம் நோக்குமின். படித்துறையில் இறுதி நாளை எதிர்நோக்கி அமர்ந்திருக்கும் முதியோர் கூட்டமாகவே அவை தோன்றும்.