நாற்காலியும் சந்தூக்கும்: பள்ளி ஆங்கிலச் சிறுகதைகளில் மாந்தரும் உரிப்பொருளும்

முன்னுரை

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் பள்ளி ஆங்கிலப் பாடத்தைப் பற்றிய கட்டுரைக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். காரணம் உண்டு. தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் கி. ராஜநாராயணன் எழுதிய 'நாற்காலி' என்னும் சிறுகதை ஆங்கில வடிவில் இடம்பெற்றது. கரிசல் மண்ணில் பிறந்த தமிழ்க்கதை ஒன்றை நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் விடை எழுதும் நிலை உருவாயிற்று. இக்கதையைத் துணையாகக் கொண்டு, சிறுகதையின் மாந்தரையும் உரிப்பொருளையும் ஒரு மாணவர் எவ்வாறு கண்டறியலாம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெள்ளகோவிலில் ஒரு மாலை

வெள்ளகோவிலில் நம் உறவினர் ஒருவர் இல்லத்திற்கு ஒருநாள் மாலை சென்றிருந்தோம். வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஓசைக்கு நடுவே திண்ணையில் அமர்ந்து, பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் அவ்வீட்டு மகள் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் ஒரு தேர்வுத்தாள் இருந்தது. அதில் ஒரு விடையின் குறுக்கே சிவப்பு மையில் கோடு இழுக்கப்பட்டிருந்தது.

"மாமா, நான் எழுதினது தப்பாங்க?" என்று கேட்டு, தாளை நம்மிடம் நீட்டினாள்.

'நாற்காலி' கதையின் உரிப்பொருள் யாது என்பது வினா. உரைநூலில் உள்ள விடை, போலிப் பெருமையும் மூடநம்பிக்கையும் என்பது. அவள் எழுதியதோ வேறு. "அந்த மாமாவின் நாற்காலி பள்ளிவாசலில் இருக்கும் சந்தூக்கு போல ஆகிவிட்டது. அது இனி யாருக்கும் சொந்தமில்லை, எல்லாருக்கும் சொந்தம்" என்பது அவளுடைய ஆங்கில விடையின் சாரம். பாடத்தில் இல்லாததை எழுதினாள் என்று மதிப்பெண் மறுக்கப்பட்டிருந்தது.

அவளுடைய அத்தா தறியை நிறுத்திவிட்டு வந்தார். "நோட்ஸ்ல இருக்கறத எழுதுன்னு சொன்னா கேக்க மாட்டேங்குதுங்க. மார்க்குப் போச்சுன்னா காலேஜ் சீட்டுக்கு நான் எங்கே போவேன்?" என்று வருந்தினார். அவருடைய அச்சமும் நியாயமானதே. எனினும் கோடிடப்பட்ட அவ்விடையை மீண்டும் மீண்டும் படித்தபோது நமக்கு வேறொரு வருத்தம் தோன்றியது. அதனைப் பின்னர்க் கூறுவோம். முதலில் கதையைக் காண்போம்.

கதைச் சுருக்கம்

கி. ராஜநாராயணன் கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் பிறந்தவர். 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக 1991ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். 2021ஆம் ஆண்டு புதுச்சேரியில் மறைந்தவர். அவருடைய 'நாற்காலி' கதையில் ஒரு கிராமத்துக் குடும்பம் வருகிறது. அவ்வீட்டிற்கு வந்த சப்ஜட்ஜ் ஒருவர் முக்காலியில் அமர முயன்று உருண்டு விழுகிறார். அதனால், வீட்டில் ஒரு நாற்காலி இல்லாதது குறையாகப்படுகிறது. தச்சரிடம் சொல்லி இரண்டு நாற்காலிகள் செய்யப்படுகின்றன. ஒன்று இவர்களுக்கு, மற்றொன்று தாய்மாமாவுக்கு. ஊரே வந்து நாற்காலியைப் பார்த்துச் செல்கிறது.

ஒருநாள் இரவு ஊரில் ஒரு பெரியவர் இறந்துவிட, அவர் உடலைச் சாத்தி வைக்க நாற்காலியைக் கேட்டு வாங்கிச் செல்கிறார்கள். அது திரும்பி வந்தபின் அதில் அமர வீட்டார்க்கு அச்சம். அடுத்த சாவுக்கு ஆட்கள் வந்தபோது, தாய்மாமா வீட்டில் போய்க் கேட்கும்படி அனுப்பிவிடுகிறார்கள். இறுதியில் தாய்மாமா தம் நாற்காலியை அந்தப் பயனுக்கென்றே கொடுத்துவிட்டு, தாம் தரையில் அமர்ந்திருக்கக் காண்கிறோம்.

மாந்தரை அறியும் வழி

மாந்தரின் பண்பை எழுதும்போது மாணவர் பலர் 'அன்பானவர், நேர்மையானவர், கஞ்சர்' என்று அடைமொழிகளை அடுக்குகின்றனர். அடைமொழி முடிவேயன்றிச் சான்று ஆகாது. ஒருவர் என்ன விரும்பினார், விரும்பியதை அடைய என்ன செய்தார், இக்கட்டு நேர்ந்தபோது என்ன செய்தார், கதையின் தொடக்கத்தில் இருந்தவர் முடிவில் அவ்வாறே இருக்கிறாரா என்னும் நான்கு வினாக்களுக்கும் கதைக்குள்ளிருந்து விடை தேடினால் மாந்தர் தாமே வெளிப்படுவர்.

ஆங்கிலத் திறனாய்வாளர் இ. எம். ஃபார்ஸ்டர் 1927ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில், ஒரே பண்பால் ஆன மாந்தரைத் தட்டையானவர் என்றும், நம்மை வியப்பில் ஆழ்த்தும் ஆற்றலுடைய மாந்தரை முழுமையானவர் என்றும் பகுத்தார். 'நாற்காலி'யின் தாய்மாமா முதலில் தட்டையானவராகத் தோன்றி, முடிவில் நம்மை வியக்க வைக்கிறார். குடும்பத்தாரோ பெருமை தரும்வரை நாற்காலியைப் போற்றிவிட்டு, அச்சம் வந்ததும் சுமையை அவர்மேல் தள்ளுகின்றனர். இவ்விரு செயல்களையும் அருகருகே வைத்தால் மாந்தரின் வேறுபாடு வெள்ளிடைமலையென விளங்கும்.

இன்னொரு கருத்தும் ஈண்டு நோக்கத்தக்கது. ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்னும் ஒரே சொல்லுக்குள் தாய்மாமனும் சித்தப்பாவும் பெரியப்பாவும் அடங்கிவிடுவர். தமிழ்க் குடும்பத்தில் தாய்மாமனுக்கு உள்ள உரிமை வேறு, கடமை வேறு. காதணி விழா முதல் திருமணம் வரை சீர் சுமப்பவன் அவன். வேண்டாததை அவன் வீட்டுப் பக்கம் திருப்பிவிடும் துணிவு இக்குடும்பத்திற்கு எங்கிருந்து வந்தது என்பதை நம் மாணவர் தம் வீட்டு வழக்கத்தைக் கொண்டே அறிவர். மொழிபெயர்ப்பில் மறைவது மற்றொன்றும் உண்டு. முக்காலிக்கு மூன்று கால், நாற்காலிக்கு நான்கு கால். ஒரு கால் கூடினால் மதிப்புக் கூடும் என்று ஒரு வீடு நம்புவதில் உள்ள நகைப்பு, 'ஸ்டூல்', 'சேர்' என்று படிப்போர்க்குக் கிட்டாது.

உரிப்பொருளை அறியும் வழி

தொல்காப்பியர் அகப்பாடலை முதல், கரு, உரி எனப் பகுத்துக் காட்டினார். சிறுகதைக்கும் இப்பகுப்பு உதவும். கரிசல் கிராமமும் அதன் காலமும் முதற்பொருள். முக்காலியும் நாற்காலியும் கருப்பொருள். இவற்றின் வழியே கதை உணர்த்துவது உரிப்பொருள். பள்ளியில் உரிப்பொருளையே 'கருப்பொருள்' என்று வழங்குவதால், மாணவர் சிலர் 'இக்கதையின் கருப்பொருள் நாற்காலி' என்று எழுதிவிடுகின்றனர். அது பொருளைச் சொல்வதாகுமே அன்றிப் பொருளின் உட்பொருளைச் சொல்வதாகாது.

தொல்காப்பியம் கூறும் மெய்ப்பாடுகளும் வழிகாட்டும். சப்ஜட்ஜ் விழும்போது நகை, ஊரார் வந்து பார்க்கும்போது மருட்கை, வீட்டார்க்குப் பெருமிதம், பிணம் அமர்ந்து சென்றபின் அச்சம். பெருமிதம் அச்சமாக மாறும் இடமே கதையின் திருப்பம். உரிப்பொருளை அத்திருப்பத்திலும் அதன் பின்வரும் முடிவிலும் தேடவேண்டும்.

மேலும், உரிப்பொருள் ஒரு சொல்லாக இருத்தல் போதாது. ஒரு தொடராக இருத்தல் வேண்டும். 'பெருமை' என்பது தலைப்பு மட்டுமே. 'பிறர் காணவேண்டும் என்று வாங்கிய பொருள், பிறர்க்குப் பயன்படும்போதுதான் உண்மை மதிப்பைப் பெறுகிறது' என்பது உரிப்பொருள். தோப்பில் முஹம்மது மீரான் 'சாய்வு நாற்காலி' நாவலில், நொடித்துப்போன குடும்பத்தின் வறட்டுப் பெருமைக்கு ஒரு நாற்காலியையே அடையாளமாக்கினார். அதற்கு 1997ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அங்கு நாற்காலியை விட மனமில்லாத மனிதரைக் காண்கிறோம். கி.ரா.வின் கதையில் அதை விட்டுக்கொடுத்த மனிதரைக் காண்கிறோம்.

கண்ட உரிப்பொருளைக் கதையின் முடிவில் உரைத்துப் பார்ப்பதும் இன்றியமையாதது. அதே வகுப்பின் துணைப்பாடத்தில் டால்ஸ்டாய் 1872இல் எழுதிய கதை ஒன்று உண்டு. செய்யாத கொலைக்காக அக்சியோனோவ் என்னும் வணிகன் 26 ஆண்டுகள் சைபீரியச் சிறையில் வாடுகிறான். உண்மைக் கொலைஞன் மகார் அதே சிறைக்கு வருகிறான். அவன் தப்பிச் செல்லச் சுரங்கம் தோண்டுவதை அறிந்தும் அக்சியோனோவ் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. மனம் உருகிய மகார் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். விடுதலை ஆணை வரும்போது அக்சியோனோவ் உயிரோடு இல்லை. 'தீயோரை இறைவன் தண்டிப்பான்' என்று இதற்கு உரிப்பொருள் எழுதுவோர் உளர். கதையில் மகாருக்கு அப்படி ஒரு தண்டனை காட்டப்படவில்லை. ஆகவே அது பொருந்தாது. பொறுமை, அதாவது நம் வீடுகளில் சொல்லும் 'சபூர்', மன்னிப்பாகக் கனியும்போது கல்நெஞ்சும் கரையும் என்பதே முடிவோடு பொருந்துவதாகும்.

அவளுடைய விடை

இனி அந்த மாணவியின் விடைக்கு வருவோம். சந்தூக்கு எப்படி நினைவுக்கு வந்தது என்று கேட்டோம். "நன்னா மவுத்தானப்போ பள்ளிவாசல்ல இருந்து கொண்டாந்தாங்க மாமா. அடக்கிட்டுத் திரும்பக் கொண்டுபோய் வெச்சுட்டாங்க. அதுக்கப்புறம் நாலாம் வீட்டுக்கும் அதேதான் வந்துச்சு" என்றாள். செல்வர்க்கும் ஏழைக்கும் ஒரே சந்தூக்கு. அதை எவரும் தம் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. தாய்மாமாவின் நாற்காலி ஊர்ப்பொதுவாக மாறியதை அவள் தன் வாழ்வின் வழியே கண்டுகொண்டாள். உரைநூல் கூறும் விடை கதையின் முற்பாதிக்குப் பொருந்தும். அவள் விடையோ முடிவைத் தொட்டது.

அவள் விடையில் குறை இல்லாமல் இல்லை. வீட்டார் பெருமையை நாடிய முற்பாதியை அவள் விட்டுவிட்டாள். தாய்மாமா தரையில் அமர்ந்த காட்சியைச் சான்றாகக் காட்டவுமில்லை. இவ்விரண்டையும் எடுத்துரைத்து, "இவற்றைச் சேர்த்து எழுதும்மா, சந்தூக்கை மட்டும் நீக்கிவிடாதே" என்றோம். ஐந்துக்கு மூன்றேனும் பெறத்தக்க விடை அது.

முன்னர்க் குறிப்பிட்ட வருத்தம் இதுவே. ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் நாமும் இவ்வாறு கோடிட்டிருக்கிறோம். கட்டுக்கட்டாகத் தாள்கள் குவிந்திருக்க, எழுதி வைத்த விடையோடு ஒத்துவராதவற்றை நின்று படிக்கப் பொறுமையின்றிக் கடந்திருக்கிறோம். அத்தாள்களில் எத்தனை சந்தூக்குகள் இருந்தனவோ! அம்மாணவர்களை இன்று தேடிச்சென்று மதிப்பெண் இட இயலாது. எனவேதான் அந்தச் சிவப்புக் கோட்டைக் கண்டு பிறரை நோவதற்கு நமக்கு உரிமையில்லை என்று உணர்ந்தோம்.

முடிவுரை

மாணவர்கள் கதையை முதலில் தமிழில் தம் வீட்டாரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். சொல்லும்போது எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே கதை இன்னும் விளங்கவில்லை என்று அறியலாம். அதன்பின் மாந்தரின் செயலைக் குறித்து, உரிப்பொருளை ஒரு தொடரில் எழுதி, முடிவோடு பொருத்திப் பார்த்து, ஆங்கிலத்தில் எழுதுவார்களாக. ஆசிரியப் பெருமக்கள், புதிய விடை ஒன்றைக் கண்டால் கோடிடுமுன் 'இதற்குச் சான்று என்ன?' என்று ஓரத்தில் எழுதுவார்களாக. சமுதாயப் பெரியோர்கள், தறியோசைக்கு நடுவே படிக்கும் பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்குமுன் கதையைக் கேட்பார்களாக.

அன்று விடைபெறும்போது அவளுடைய அத்தா நம்முடன் வாசல்வரை வந்தார். "அந்தக் கதையைத் தமிழ்ல நானும் படிக்கலாங்களா?" என்று கேட்டார். மறுவாரமே நூலை அனுப்பி வைத்தோம்.