கடன் பட்டியலை வரிசைப்படுத்தும்போது ஆளும் காசும் பிரியாமலிருக்க

கடன் கொடுக்காமல் ஊர்க்கடை நடத்தலாம் என்று சொல்பவர் ஊர்க்கடை நடத்தியவராக இருக்க முடியாது. வயல் வெட்டினால்தான் காசு, கடலில் மீன் பட்டால்தான் காசு என்று வாழும் ஊர்களில் கடையின் பாதி முதல் கடன் கொப்பிக்குள்தான் கிடக்கிறது. ஜெயபுரம், முழங்காவில், நாச்சிக்குடா என்று மன்னார் - பூநகரி வீதியை அண்டிய கடைகளுக்குச் சாமான் போடும் எவருக்கும் இதை நாம் விளக்கத் தேவையில்லை.

கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது (2:282) என்பதை ஆலிம்கள் நமக்கு அடிக்கடி நினைவூட்டுவார்கள். சரி, எழுதியாகிவிட்டது. கொப்பியில் இருந்ததைக் கணனியிலும் ஏற்றியாகிவிட்டது. ஐந்நூறு பெயர் கொண்ட அந்தப் பட்டியலை எந்த ஒழுங்கில் பார்ப்பது, அந்த ஒழுங்கை எப்படிப் பிழையில்லாமல் எடுப்பது என்பதே இன்றைய பாடம்.

முதலில் மூன்று சொற்கள். பள்ளிக்கூடத்துக் கணக்கில் படித்தது போலக் குறுக்கே போவது நிரை, மேலிருந்து கீழே வருவது நிரல். கணனிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைத் தொகுதியைச் செய்நிரல் என்கிறோம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கடையில் என்ன மென்பொருள் இருந்தாலும் பெரும்பாலும் அது தன்னிடமுள்ள பட்டியலைச் சாதாரண எழுத்துக் கோப்பாக வெளியே தரும். ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு வரி. வரிக்குள் ஒவ்வொரு விபரத்துக்கும் இடையில் ஒரு பிரிப்புக் குறி, அனேகமாகக் காற்புள்ளி. சி.எஸ்.வி. கோப்பு என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். விளக்கத்துக்காக ஒரு சிறு பட்டியலை எழுதுகிறேன்:

பெயர்,ஊர்,கடைசியாகத் தந்த திகதி,நிலுவை
சந்திக் கடை,ஜெயபுரம்,2024-11-02,12500
மீன்வாடி,நாச்சிக்குடா,2025-01-18,900
தேத்தண்ணிக் கடை,முழங்காவில்,2024-08-25,48000
அரிசி மில்,பூநகரி,2025-02-06,2400
ஹார்ட்வெயார்,வெள்ளாங்குளம்,2025-02-11,106000

ஐந்து வரி. மொத்த நிலுவை 169,800 ரூபா.

இப்போது கடையில் நிற்கும் பையனிடம், "தம்பி, கூடக் காசு தரவேண்டிய ஆக்களை மேலே போடுங்கோ" என்கிறோம். அவர் எக்செல்லில் கோப்பைத் திறந்து, நிலுவை நிரலை மட்டும் தெரிவு செய்து, பெரிதிலிருந்து சிறிதுக்கு என்று அழுத்துகிறார். பக்கத்து நிரல்களையும் சேர்க்கவா என்று எக்செல் கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன நடக்கும்? பெயர்கள் இருந்த இடத்திலேயே இருக்கும், காசு மட்டும் இடம் மாறும். சந்திக் கடையின் பேரில் 106,000. தொள்ளாயிரம் ரூபா தரவேண்டிய மீன்வாடியின் பேரில் 48,000. உண்மையில் 106,000 தரவேண்டிய ஹார்ட்வெயார்க்காரர் தொள்ளாயிரத்தோடு தப்பிவிடுவார்.

இதில் பயங்கரம் என்னவென்றால், மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள்: அதே 169,800. வரிகளை எண்ணிப் பாருங்கள்: அதே ஐந்து. சந்தேகத்துக்கு ஒருவரை மட்டும் கொப்பியோடு ஒப்பிடுவோம் என்று அரிசி மில்லை எடுத்தால் அங்கேயும் 2,400 சரியாகவே இருக்கும், ஏனெனில் அது தற்செயலாகத் தன் இடத்திலேயே நின்றுவிட்டது. கணக்காளர் செய்யும் வழக்கமான சோதனைகள் அத்தனையும் தேறிவிடும். பிழை தெரியவருவது, நாலு பேர் நிற்கும்போது ஒரு மனிதரிடம் அவர் வாங்காத கடனை நாம் கேட்கும்போதுதான். கணக்கு நம்மிடமுள்ள அமானிதம் என்று பேசுகிறோம். ஒரு விசை அழுத்தில் அது மற்றவரின் மானமாகிவிடுகிறது.

வாரா வாரம் செய்யும் இந்த வேலையைக் கையால் செய்யாமல் ஒரு செய்நிரலிடம் கொடுத்துவிடுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். நேரம் மிச்சம் என்பது இரண்டாம் பட்சம். செய்நிரல் ஒரு நிரையை ஒரே கட்டாகத் தூக்கும். பெயரும் ஊரும் திகதியும் காசும் ஒன்றாகவே நகரும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படித்தால் பைதன் மொழி அவருடைய பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. வேலையின் ஒழுங்கை மட்டும் சொல்கிறேன். அதைப் பிள்ளையிடம் காட்டினால் பத்துப் பதினைந்து வரியில் எழுதித் தந்துவிடுவார். கோப்பைத் திற. முதல் வரி தலைப்பு, அதைத் தனியே எடுத்து வை (மறந்தால் 'நிலுவை' என்ற சொல்லும் ஒரு வாடிக்கையாளர் போல வரிசைக்குள் புகுந்துவிடும்). மிச்ச வரிகளைப் பிரிப்புக் குறியில் வெட்டி ஒரு பட்டியலில் சேர். நான்காவது நிரலைப் பார்த்து அடுக்கு. தலைப்பை மேலே வைத்து, அடுக்கியதைப் புதிய பெயரில் வேறு கோப்பாக எழுது. பழைய கோப்பைத் தொடாதே.

எந்த நிரலைப் பார்த்து அடுக்க வேண்டும் என்று சொல்லும் இடத்துக்குப் பைதனில் 'கீ' என்று பெயர், திறப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணனி பூச்சியத்திலிருந்து எண்ணும், ஆகவே நமது நான்காம் நிரல் அதற்கு மூன்று. நாளைக்கு ஊர்ப்படி வேண்டுமென்றால் மூன்றை ஒன்றாக மாற்றினால் போதும்.

திறப்பில் நிரலின் இலக்கத்தை மட்டும் சொன்னால் போதாது. அந்த நிரலில் இருப்பது எண்ணா, திகதியா, சொல்லா என்பதையும் சொல்ல வேண்டும். எழுத்துக் கோப்பிலிருந்து வருவதெல்லாம் கணனிக்கு வெறும் எழுத்துத்தான். எழுத்தாகப் பார்த்தால் 900 என்பது 106000 ஐ விடப் பெரிது, ஏனென்றால் முதல் எழுத்து 9, மற்றதில் 1. பெரிதை மேலே போடு என்று சொன்னால் 900, 48000, 2400, 12500, 106000 என்று வரும். ஆகக் கூடுதலாகக் காசு தரவேண்டியவர் கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில். திறப்பில் 'இன்ட்' என்று ஒரு சொல் சேர்த்தால் அது எண்ணாகிவிடும். நிலுவைக் கட்டம் ஒன்று வெறுமையாக இருந்தாலோ கோடு போட்டிருந்தாலோ செய்நிரல் முறைத்துக்கொண்டு நின்றுவிடும். நிற்கட்டும். அந்த இடத்தில் பூச்சியம் என்று எடுத்துக்கொள்ளும்படி பிள்ளை எழுதித் தந்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம். தெரியாத கடன் வேறு, இல்லாத கடன் வேறு.

காசை 12,500 என்று இடையில் காற்புள்ளி போட்டு எழுதும் நமது பழக்கமும் இங்கே ஆகாது. அது 12 என்றும் 500 என்றும் இரண்டு கட்டமாக வெட்டுப்பட்டு, சந்திக் கடைக்காரரின் கடன் பன்னிரண்டு ரூபாவாகிவிடும்.

திகதி இன்னும் மோசம். நாம் நாள், மாதம், வருடம் என்று எழுதுகிறோம். அப்படி எழுதிய ஐந்து திகதிகளையும் எழுத்தாக அடுக்கினால் 02/11/2024 முதலிலும் 25/08/2024 கடைசியிலும் வரும். ஓகஸ்ட் மாதத்திலிருந்து ஒரு சதமும் தராத தேத்தண்ணிக் கடை, நேற்றுக் காசு தந்தவர் போலக் கீழே ஒளிந்துகொள்ளும். வருடத்தை முதலில் எழுதினால் எழுத்து வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். மேலே நான் அப்படி எழுதியது அதற்காகவே.

இவ்விடத்தில் வியாபாரியாக ஒரு வார்த்தை. பெரிய தொகையை மேலே வைத்துப் பார்ப்பது எல்லோருக்கும் பழக்கம். என்னைக் கேட்டால் திகதிப்படி பார்ப்பதே மேல். ஹார்ட்வெயார்க்காரர் ஓர் இலட்சத்துக்கு மேல் தரவேண்டும், ஆனால் பெப்ரவரியிலும் தந்திருக்கிறார். அவரோடு கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. 48,000 தான் ஆறு மாதமாக அசையாமல் கிடக்கிறது. ஸக்காத் கணக்குப் பார்க்கும்போதும், வரும் கடன் எது வராத கடன் எது என்று ஆலிமிடம் கேட்கப் போவதற்கு முன் நாம் கையில் வைத்திருக்க வேண்டிய பட்டியல் இந்தத் திகதிப் பட்டியல்தான்.

இனி நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல். பழைய பட்டியல்களைப் பலர் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருக்கிறார்கள். பாமினியில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில விசைகள். அதில் 'இ' என்ற எழுத்துக்கு உள்ளே இருப்பது காற்புள்ளி! காற்புள்ளியைக் கண்ட இடமெல்லாம் வெட்டும் செய்நிரலிடம் அந்தக் கோப்பைக் கொடுத்தால் இப்ராஹிம், இஸ்மாயில், இக்பால் எல்லோரும் தலையில்லாமல் வருவார்கள், அவர்களுடைய நிலுவை ஒரு கட்டம் தள்ளிப் போய்விடும். சரி, அரைப்புள்ளியைப் பிரிப்புக் குறியாக வைப்போமென்றால் மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளிக்கு உள்ளே இருப்பது அரைப்புள்ளி. எக்செல் மூலம் வெளியே எடுத்தால் காற்புள்ளி உள்ள கட்டங்களை அது இரட்டை மேற்கோளுக்குள் போட்டுத் தரும்; பைதனில் சி.எஸ்.வி. வாசிப்பதற்கென்றே இருக்கும் பகுதி அந்த மேற்கோளை மதித்து வாசிக்கும். அப்படி வெட்டுப்படாமல் தப்பினாலும் பெயர் வரிசை வராது. பாமினியில் ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் அடிக்கப்படுவதால் ஜெயபுரம், வெள்ளாங்குளம், செட்டிகுளம் எல்லாம் ஒரே குறியில் தொடங்குகின்றன. யுனிகோட்டுக்கு மாற்றிய பின்னரே வரிசைப்படுத்தலில் இறங்குங்கள். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் பல உண்டு, இலவசம்.

யுனிகோட்டுக்கு வந்தாலும் ஊர்ப்பெயரை அடுக்கும்போது ஓர் அதிசயம் காண்பீர்கள். பைதனின் சாதாரண வரிசை இப்படி வரும்: ஜெயபுரம், நாச்சிக்குடா, பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம். அகராதியில் 'ஜ' கடைசியில் அல்லவா வர வேண்டும்? யுனிகோட்டில் தமிழ் எழுத்துகளுக்கு இடம் ஒதுக்கியபோது மற்ற இந்திய எழுத்துகளின் ஒழுங்கையே பின்பற்றினார்கள். ஆகவே 'ஜ' சகரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. றகரமும் னகரமும்கூட நம் நெடுங்கணக்குப்படி இல்லை. தமிழ் அகராதி ஒழுங்கில் அடுக்குவதற்குப் பைதனில் 'ஓப்பன் தமிழ்' என்ற இலவசத் தொகுதி இருக்கிறது, பிள்ளை அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எடுத்த பட்டியலைச் சோதிப்பது பற்றி. 2020 இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, கொரோனா பரிசோதனை முடிவுகளை ஆய்வுகூடங்களிலிருந்து இதே சி.எஸ்.வி. கோப்புகளாக வாங்கி எக்செல்லின் பழைய வடிவத்தில் ஏற்றியது. அந்தப் பழைய வடிவம் ஒரு தாளில் 65,536 நிரைகளுக்கு மேல் கொள்ளாது. மிஞ்சியவை சத்தமில்லாமல் விழுந்தன. 15,841 நோயாளிகள் அன்றாடக் கணக்கில் வராமற் போனார்கள், அவர்களோடு பழகியவர்களைத் தேடுவதும் தாமதமானது. நமது பட்டியல் அவ்வளவு பெரிதல்ல. ஆனாலும் உள்ளே போன வரி எத்தனை, வெளியே வந்த வரி எத்தனை, நிலுவை மொத்தம் முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று செய்நிரலே நான்கு எண்களைக் காட்டும்படி எழுதச் சொல்லுங்கள். அது விழுந்த வரியைப் பிடிக்கும். ஆளும் காசும் பிரிந்ததை அது பிடிக்காது என்று மேலே பார்த்தோம், அதற்குக் கொப்பியோடு ஒன்றுக்கு மூன்று பேரை ஒப்பிட்டுத்தான் ஆகவேண்டும்.

தொலைபேசி இலக்கம் உள்ள கோப்பை எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். 077 இல் தொடங்கும் இலக்கத்தின் முதல் பூச்சியத்தை அது விழுங்கிவிடும். அப்படியே சேமித்தால் பிறகு அழைக்க இலக்கம் இராது.

மூலக்கோப்பின் பிரதி ஒன்று கடைக்கு வெளியே இருக்கட்டும். ஐந்நூறு வரி எழுத்துக் கோப்பு ஒரு புகைப்படத்தின் அளவுகூட வராது, சட்டைப் பையில் போகும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் வியாபாரிகளுக்கும், 2008 இலும் 2009 இலும் வன்னிக்குள் இடம் மாறி இடம் மாறி ஓடிய கடைக்காரர்களுக்கும் கணக்குக் கொப்பி போனால் என்ன போகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியாக, லொறி ஓட்டும் தம்பிக்குக் கொடுக்கும் பட்டியல். அவருக்கு அகராதி வரிசையால் ஒரு பிரயோசனமும் இல்லை. மன்னார்ப் பக்கமிருந்து ஏ-32 வீதியில் வரும்போது வெள்ளாங்குளம், முழங்காவில், நாச்சிக்குடா, ஜெயபுரம், பூநகரி என்றுதான் ஊர்கள் வரும். 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு சிலருடைய லொறி யாழ்ப்பாணத்திலிருந்து எதிர்ப்பக்கமாகவும் வருகிறது. செய்நிரலுக்குள் ஒரு சின்ன அட்டவணை வையுங்கள்: வெள்ளாங்குளம் 1, முழங்காவில் 2, நாச்சிக்குடா 3, ஜெயபுரம் 4, பூநகரி 5. திறப்பில் ஊரின் பெயருக்குப் பதிலாக இந்த எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் ஒருமுறை திகதிப்படி அடுக்கிவிட்டு, அதன்மேல் இந்த வீதி எண்ணின்படி அடுக்கினால், சமமான எண் உள்ளவர்களின் முந்திய ஒழுங்கைப் பைதன் குலைக்காது; ஒவ்வோர் ஊருக்குள்ளும் பழைய கடன்காரரே முதலில் நிற்பார். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் நாளில் வீதி எண்ணை மட்டும் தலைகீழாகப் பார்க்கச் சொன்னால் பூநகரி மேலே வரும். அச்சடித்த தாளின் மேல் அன்றைய திகதியைப் போட்டுத் தம்பியிடம் கொடுத்தனுப்புங்கள், பின்னேரம் அதே தாளில் வாங்கிய காசை எழுதிக்கொண்டு வருவார்.