எரிமேடைக்கு வந்த கொடிகள்

ஒரகடம் சிப்காட்டில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் அட்மின் வேலை பார்க்கிறேன். கேன்டீன் சாம்பாரில் உப்பு குறைந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், ஷிப்ட் பஸ் வாலாஜாபாத் ரோட்டில் பஞ்சரானாலும் என்னைத்தான். வாசலில் நிற்கும் மூன்று கொடிக்கம்பங்களும் என் கணக்கில்தான். ஒன்றில் தேசியக்கொடி, ஒன்றில் கம்பெனிக் கொடி, மூன்றாவதில் முதலாளியின் நாட்டுக் கொடி. இந்தப் பக்கம் பல வாசல்களில் இதே காட்சிதான். ஜப்பான், கொரியா, ஜெர்மனி என்று மூன்றாவது மட்டும் மாறும்.

ஏரியும் பொட்டலுமான ஊர், காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. 2022 ஜூலையில் இரவிலும் கொடி பறக்கலாம் என்று விதி தளர்ந்ததும், சாயங்காலம் இறக்கும் பழக்கமே போய்விட்டது. கயிற்றுப் பக்கம் கெட்டியாகத்தான் இருக்கும். எதிர் ஓரத்து மூலையில்தான் தையல் முதலில் விடும். அங்கே விரல் நீளத்துக்கு நூல் தொங்கும்போதே இறக்கிவிடுங்கள். கிழிந்த கொடியைப் பறக்கவிடக் கூடாது என்பது 2002-ல் நடைமுறைக்கு வந்த கொடி விதிகளில் தெளிவாகவே இருக்கிறது.

இறக்கிய கொடியை என்ன செய்வது என்பதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். 2022 ஆகஸ்டில் இல்லந்தோறும் மூவண்ணக் கொடி ஏற்றச் சொன்னார்கள். தபால் நிலையத்தில் கொடி 25 ரூபாய். நாங்களும் மொத்தமாக வாங்கி ஆளுக்கொன்று கொடுத்தோம். 15-ஆம் தேதி முடிந்த பிறகு பைக் ஹேண்டிலில், ஹாஸ்டல் ஜன்னலில், முள்வேலியில் என்று எங்கு பார்த்தாலும் கொடி. ஹவுஸ்கீப்பிங் தள்ளுவண்டியில் மாப்புக் குச்சிக்கு அடியில் ஒன்று கிடந்ததைப் பார்த்த அன்றே ஒரு புது அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கம்பத்தில் கிழிந்ததையும் சேர்த்து 41 கொடிகள் சேர்ந்தன.

பழுதான கொடியைத் தனிமையில், முழுமையாக அழிக்க வேண்டும், எரிப்பது நல்லது, அல்லது மரியாதை குறையாத வேறு வழியில் செய்யலாம் என்பது விதி. பொது இடத்தில் அவமதிப்பாக எரித்தாலோ, 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை. தீக்குச்சி ஒன்றுதான், இடமும் எண்ணமும்தான் வேறு.

சேஃப்டிக்காரர், "திறந்தவெளியில் எதையும் கொளுத்தக் கூடாது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்டால் நீங்களா பதில் சொல்வீர்கள்?" என்று முறைத்தார். கெஞ்சி ஹாட் ஒர்க் பெர்மிட் வாங்கி, ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் வெட்டிய டிரம்மில் ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தேன். துணி எரிகிற மாதிரி எரியவில்லை. சுருண்டது, உருகிச் சொட்டியது, கரும்புகை கண்ணைக் கரித்தது. காவியும் பச்சையும் கறுப்பாகி, சக்கரத்தில் பாதி மட்டும் ஒரு கட்டியில் ஒட்டிக்கொண்டு நின்றது. நிமிர்ந்து பார்த்தால் மாடியில் ஒரு பையன் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். மணல் வாளியை அப்படியே கவிழ்த்துவிட்டு மாடிப்படிக்கு ஓடினேன்.

கொடி எரியாமல் உருகிய காரணம் பிறகுதான் உறைத்தது. 2021 டிசம்பர் வரை கொடி என்றால் கையால் நூற்று நெய்த பருத்தி, கம்பளி, பட்டு. அந்த மாதம் 30-ஆம் தேதித் திருத்தம் பாலிஸ்டரையும் இயந்திரத் துணியையும் அனுமதித்தது. பருத்தி பஸ்பமாகிவிடும். பாலிஸ்டர் சுமார் 260 டிகிரியில் முதலில் உருகத்தான் செய்யும். துணியை மாற்றியவர்கள் எரிக்கச் சொன்ன வரியையும் ஒருமுறை படித்திருக்கலாம்.

எரிவாயு தகன மேடை யோசனை எங்கள் பஸ் டிரைவருடையது. உள்ளே 800 டிகிரிக்கு மேல் போகும், கட்டி மிஞ்சாது. அமெரிக்காவில் இது பழகிய வழிதான். சில எரிமேடைகளில் பழைய கொடிகளை வாங்கி, முன்னாள் படைவீரர் ஒருவரின் உடலோடு சேர்த்தே தகனம் செய்கிறார்கள். நானும் அதைப் படித்துவிட்டுத்தான் கடிதத்தோடு உள்ளாட்சி அலுவலகம் போனேன். எழுத்தர் படிவத்தை நீட்டினார்: இறந்தவர் பெயர், தகப்பனார் பெயர், வயது. விளக்கிச் சொல்லி அனுமதி வாங்க மூன்று நடை.

மேடைக்காரர் வயதானவர். "பாடியோட சேத்து வெக்கட்டுமா அண்ணே?" என்று நானே கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா சார் நீ? மிலிட்டரிக்காரங்க பாடி வந்தா, கொடிய மடிச்சு வூட்டம்மா கையில குடுத்துட்டுதான் உள்ள தள்ள உடுவாங்க. இத தனியாத்தான் வெக்கணும்."

வீட்டுக்கு வந்து விதியைப் பார்த்தேன். சவப்பெட்டி மேல் போர்த்தினால் காவி தலைமாட்டில் இருக்க வேண்டும், ஆனால் கொடியைக் குழிக்குள் இறக்கவும் கூடாது, சிதையில் எரிக்கவும் கூடாது. அவர் சொன்னதுதான் அதில் அச்சாகியிருந்தது.

மறுநாள் விடியற்காலை, முதல் உடல் வரும் முன் போனோம். என்னோடு வந்தவர் ஒடிசாவைச் சேர்ந்த ஒப்பந்தத் தொழிலாளி. கயிறு, மரக்கட்டை எல்லாவற்றையும் முந்தின நாளே அவிழ்த்துவிட்டோம். காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, இரு பக்கமும் உள்ளே திருப்பி, சக்கரம் மட்டும் மேலே தெரியும்படி ஒவ்வொன்றையும் அவர் உள்ளங்கையில் ஏந்திக் கொடுத்தார். போன் எல்லாம் வண்டியிலேயே. பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டை உள்ளே தள்ளினார். கால் மணி நேரம் யாரும் பேசவில்லை. பதிவேட்டில் பெயருக்கு நேரே "கொடி – 40" என்று எழுதி, வயதுக்கு ஒரு கோடு போட்டார். டிரம்மில் மிஞ்சிய கட்டியையும் ஒரு துணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். அதைக் கணக்கில் சேர்க்கச் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது கம்பத்துக்கு இரண்டு கொடி வைத்திருக்கிறேன், இரண்டும் பருத்தி. புயல் எச்சரிக்கை வந்தால் செக்யூரிட்டி என்னைக் கேட்காமலே இறக்கலாம். ஆகஸ்ட் 16 காலை கேட்டருகே பெட்டி தயாராக நிற்கும். பர்ச்சேஸ் தம்பி போன வாரமும் பாலிஸ்டர் கொட்டேஷனோடு வந்து, "பாதி விலை சார்" என்றான்.

"எரிக்கிற அன்னைக்கு என்கூட வரியா?" என்று கேட்டேன். பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.